ஆறு நொடியில் பத்து

திருப்பூர்
18-2-1987

மாப்பிள்ளை தண்டாயுதபாணிக்கு மாமன் பொங்கியண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறோம், அதனால் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். நீ மெட்ராஸ் போய்ச் சேர்ந்ததை உன் அம்மாவுக்கு ஒரு கார்டாகப் போட்டிருக்கிறாய். எனக்குப் போடவில்லை. அக்கா அந்தக் கார்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "உன்ற மாப்பிள்ளை உனக்கு ஒரு வரிகூட எழுதலயேடா" என்றாள். "எனக்குத் தனியாப் பெரிய கடுதாசி வருமுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். ஆகவே எழுது. என் வாக்குப் பொய்யாகிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சண்டையைப் பற்றி இன்னும் ஊரில் பேச்சு ஓயவில்லை. பனியன் தொழிலாளர் குத்துச்சண்டைப் போட்டி என்று நோட்டீஸ் அடித்தபோது, நாலு பேர்கூட வரமாட்டார்கள் என்றார்கள். நான் எண்ணினேன், எட்டாயிரம் பேர். பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரம் பேருக்கு மேல் நிற்க முடியாது என்று உன் அத்தை குழந்தையம்மாள் சொல்கிறாள். அவள் வரவே இல்லை, அவள் பேச்சை விடு.

டைம் கீப்பர் என்றால் சும்மா மணி அடிக்கிறவன் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், ஒரு கையில் மரச்சுத்தி, வாய்க்கு முன்னால் மைக். எவன் விழுந்தாலும் நொடியை எண்ணிக் கொடுப்பது நான். நான் மேஜையைத் தட்டத் தட்டத்தான் ரெஃப்ரி விரலை நீட்டுகிறார். உள்ளே நிற்பதுதான் அவர் வேலை. கோயமுத்தூரிலிருந்து வந்த அந்த ரெஃப்ரி, எல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி எண்ற ஆளை நான் பெங்களூர்லகூடப் பார்த்ததில்லீங்க" என்றார். பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விட்டது, இருந்தால் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பேக்கிங் செக்ஷனில் பன்னிரண்டு வருஷமாக எண்ணுகிற வாய் இது. ஒரு டஜன் பனியனை ஏழே நொடியில் எண்ணி உன் பக்கம் தள்ளுகிறேன், நீ கட்டுப் போடுகிறாய். ஒரு பீஸ் கூடியதுண்டா, குறைந்ததுண்டா?

நீ ரிங்கில் விழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நானும் விழுந்திருக்கிறேன். அறுபத்தொன்றில் பீளமேட்டில் ஒரு மில்காரன், ஆறரை அடி உயரம், என்னை ஒரு குத்தில் சாய்த்தான். பத்து எண்ணி, பதினொன்று எண்ணி, பதினாறு எண்ணும்போது எழுந்து அவனைத் திருப்பிச் சாய்த்தேன். அப்போது சட்டம் அப்படி.

இத்தாலி ஆர்டர் லாரி ஏறிவிட்டது. முதலாளி ஒரு நாள் லீவு விட்டார். அதில் இருபது மணி நேரம் தூங்கினேன், உன் அத்தை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். நீ சொல்லாமல் போனதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. இன்லண்டில் இடம் தீர்ந்துவிட்டதால் மீதியை ஓரத்தில் எழுதுகிறேன். கை வீங்கியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டு வை.

பொங்கியண்ணன்


ராயபுரம், சென்னை-13
22-2-1987

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும். சொல்ல வந்தால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

இங்கே ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் தங்கியிருக்கிறேன். மார்ச் எட்டாம் தேதி மாநில அணிக்கான தேர்வு. மாவட்டப் போட்டியாகவும் ஏற்கப்பட்ட நம் போட்டியின் இறுதிச் சண்டைக்கு வந்த இரண்டு பேருக்குமே அதில் இடம் உண்டு, அதனால் தோற்றது பெரிய விஷயம் இல்லை. ஜெயித்ததற்காக ராஜா முகமதுக்குக் கொடுத்த கோப்பை அவனிடமே இருக்கட்டும். அவன் நல்லவன்.

பிரச்சினை என் ரெக்கார்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் "கே.ஓ." என்று எழுதி, நம் குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் ரத்தினசாமி சீல் வைத்திருக்கிறார். பத்து எண்ணியும் எழாதவன் நான்கு வாரத்துக்கு ரிங்கில் ஏறக் கூடாது என்பது சட்டம். அதன்படி மார்ச் பதினைந்துவரை எனக்குத் தடை. தேர்வு எட்டாம் தேதி. ஒரே ஒரு வாரத்தில் போகிறது.

மாநில அணியில் பெயர் வந்தால் ரயில்வேயில் வேலை உண்டு என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் எனக்கு அந்த வேலைக்கு வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் கட்டுப் போட வேண்டியதுதான்.

நான் விழுந்தது உண்மை. ஆனால் மயங்கி விழவில்லை. எட்டு வரைக்கும் மூச்சு வாங்கிவிட்டு எழு என்பது நீங்கள் சொன்னது. அதற்காகத்தான் கிடந்தேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் கணக்கில் ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் ரெஃப்ரி இரண்டு கையையும் வீசிவிட்டார். அவர் உங்கள் தட்டலைப் பார்த்து எண்ணினார். எனவே சீக்கிரம் எண்ணியது நீங்கள்.

முதல் இரண்டு ரவுண்டில் நான் கொடுத்த அடியில் தள்ளாடி நின்ற ராஜா முகமதுக்கு மூன்று முறை எட்டு எண்ணினார்கள். இன்னும் ஒரு முறை எண்ணியிருந்தால் சண்டையை நிறுத்தி என் கையைத் தூக்கியிருப்பார்கள். அப்படி இருந்த சண்டை இது. அதைக்கூட நான் கேட்கவில்லை. எண்ணிக்கை குறைவு என்று டைம் கீப்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கே.ஓ.வை அடித்துவிட்டுப் புள்ளியில் தோல்வி என்று செயலாளர் மாற்றலாம். ஏழாம் தேதி மாலைக்குள் அவர் இங்கே ஒரு தந்தி கொடுத்தால் போதும்.

இரண்டே எழுத்து மாமா. அதை அடிக்க வேண்டும்.

தண்டாயுதபாணி


திருப்பூர்
25-2-1987

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் நாலு பேர் நடுவில் பிரித்து வாசித்தேன். சில இடங்களில் நானாகச் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது, நீ காகிதத்தில் ரொம்பக் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாய். மெட்ராஸில் உன்னை ஸ்டேஷனுக்கே வந்து மாலை போட்டு அழைத்துப்போனார்கள் என்று வாசித்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். கேட்டால் ஆமாம் என்று சொல்லு.

மற்ற விஷயம். படுத்துக் கிடப்பவனுக்கு நொடி நீளமாகத் தெரியுமா, குறைவாகத் தெரியுமா என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பீளமேட்டில் விழுந்தபோது எனக்கு இரண்டு நொடிதான் ஆனது மாதிரி இருந்தது. உண்மையில் பதினாறு. ஆகவே உன் கணக்கு ஏழு என்றால் உண்மையில் பத்துக்கு மேலேதான் ஆகியிருக்கும். நான் உனக்குச் சலுகை காட்டியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. சுவிட்சர்லாந்தில் செய்தது. பி.டி. வாத்தியார், இது உள்ளூர்ச் சரக்குத்தான் என்கிறார், அவருக்குத் தெரியாது.

ஒன்றை யோசித்துப் பார் கண்ணு. பத்து எண்ணுவதில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் ரத்தினசாமி மேஜையோடு நிற்குமா? அவரும் நம் முதலாளியும் தினமும் ஒரே காரில் போகிறவர்கள். நாளைக்கு நான் தள்ளுகிற டஜனை எவன் நம்புவான்? ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து மறுபடி எண்ணுவான். என்னிடம் படிப்பு கிடையாது, ஆறாவதோடு நின்றது. மிஷின் ஓட்டத் தெரியாது. எண்ணத் தெரியும். அவ்வளவுதான் என் சொத்து. அதை எழுதிக்கொடு என்கிறாய்.

அக்காவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. நாளைக்கு அவளை வெள்ளகோவிலில் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன். அந்த வைத்தியர் ஒரு முறை என் தோளைத் தொட்டதும், இது பாக்ஸர் தோளாச்சே என்றவர்.

பொங்கியண்ணன்


சென்னை-13
28-2-1987

மாமா,

சாதாரணமாகக் கேட்கிறேன். பதிலையும் சாதாரணமாக எழுதுங்கள்.

மைக் செட் போட்ட அய்யூப் அன்றைக்கு முழுப் போட்டியையும் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். தபாலில் எனக்கு ஒரு காப்பி அனுப்பினார். நேற்று அதைக் கூடத்து மாஸ்டரோடு உட்கார்ந்து கேட்டேன். மேஜையில் முதல் தட்டு விழுந்ததிலிருந்து பத்தாவது தட்டு வரை அவர் வாட்சைப் பார்த்தார். ஆறு நொடி. நம்பாமல் மறுபடி போட்டார். ஐந்து முறை போட்டோம். ஒவ்வொரு முறையும் ஆறுதான்.

கேசட்டைக் கொடுத்தால் போதாதா என்று நம் சங்கத்தில் அய்யூப்பே முன்னால் கேட்டுப் பார்த்தாராம். கேசட் எல்லாம் சாட்சி ஆகாது, டைம் கீப்பர் எழுதித் தரட்டும் என்று ரத்தினசாமி சொல்லிவிட்டார்.

வேலையைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. அதைப் படித்துவிட்டு ஒரு நாள் உங்களிடம் கேட்பதையே விட்டுவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் கேசட் வந்தது.

காலையில் ஐந்து மைல் ஓடுகிறேன். மாஸ்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உனக்குத் தேர்வில் கட்டாயம் இடம் உண்டு என்கிறார். பகலில் துறைமுகத்துப் பக்கம் மூட்டை ஏற்றப் போகிறேன். இங்கேயும் எண்ணிக்கைதான்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

தண்டாயுதபாணி


திருப்பூர்
2-3-1987

கண்ணு,

அய்யூப்பின் டேப் ரெக்கார்டரில் பதிவு பண்ணும்போது பேட்டரி இறங்கியிருந்தால், திருப்பிப் போடும்போது வேகமாக ஓடும் என்று எழுத உட்கார்ந்தேன். போய்க் கேட்டேன். "கரண்ட்லதானுங்க ஓட்டினேன்" என்றான். ஆகவே அதை எழுதவில்லை.

இனிமேல் உன்னிடம் மறைக்கக் கூடாது. உண்மையை எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நான் சீக்கிரம்தான் எண்ணினேன். தெரிந்துதான் எண்ணினேன்.

மூன்றாவது ரவுண்டில் ராஜா முகமதுவின் இடது கை உன் தாடையில் பட்டபோது, எட்டாயிரம் பேரில் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. உன் கருமணி மேலே போய்விட்டது. வெள்ளை விழிதான் தெரிந்தது. உன் அம்மா முகம் அப்படியே என் முன்னால் வந்தது. அக்காவுக்கு நீ ஒருத்தன். எழுந்தால் இன்னும் ஒரு நிமிஷம் சண்டை இருக்கிறது, அந்த ஒரு நிமிஷத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகும் என்று என் நெஞ்சு சொன்னது. அந்த இடத்தில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற தைரியம் அந்த மனுஷனுக்கு இல்லை. இந்த ஊரில் சண்டையை நிறுத்தின ரெஃப்ரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடி வாங்காமல் போனதில்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஆகவே நான் நிறுத்தினேன். கையில் சுத்தி இருந்தது, தட்டினேன். ஒரு மாமன் வேறு என்ன செய்வான்? தட்டும்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி மைக் நனைந்து, ஷாக் அடிக்கும் போலிருந்தது.

இதை எப்படி எழுதிக் கொடுப்பது? மாப்பிள்ளைக்காக வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்தான் என்றால், உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து போகும். இதை நம் இரண்டு பேருக்குள் வைத்துக்கொள். ரயில்வே போனால் போகட்டும். உயிர் இருக்கிறது அல்லவா.

உன் அத்தையிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவ்வளவு கலங்கிவிட்டாள்.

பொங்கியண்ணன்


சென்னை-13
4-3-1987

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது முறை படிக்கும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் எழுதியது உண்மையானால், நான் கண் சொருகி விழுந்தவன். அப்படியானால் நான்கு வாரத் தடை நியாயம்தான், நான் கேட்க ஒன்றுமே இல்லை. உங்களுக்கும் எழுதிக் கொடுக்க ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் வசதியாக முடிந்துவிடுகிறது.

ஆனால் கேசட்டில் உங்கள் குரல் இருக்கிறது. அழுகிற குரல் இல்லை. இரண்டாம் தடவை கேட்டபோதே மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாபா இது, பத்து எண்ணச் சொன்னா அந்தாளு மொதல்ல லாபம்ன்றான்?" என்று கேட்டார். எனக்கு அவர் கேட்டது முதலில் புரியவே இல்லை. நம் ஊர்ச் சரக்குக் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்று அவருக்கு விளக்கினேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டது, போன கடிதத்தில் அதை எழுத மனம் வரவில்லை.

லாபம், ரெண்டு, மூணு. மைக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மைதானத்தில் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் அது தப்பாகப் படவில்லை, எல்லாரும் அப்படி எண்ணுகிறவர்கள்தான். அதற்கு முன்னால் ராஜா முகமதுக்கு எண்ணியதெல்லாம் நின்றபடி எண்ணுகிற எட்டு. அவற்றை ரெஃப்ரி தானாக எண்ணினார். அன்றைக்கு நீங்கள் எண்ணியது எனக்கு ஒருத்தனுக்குத்தான்.

ஒரு டஜனை ஏழு நொடியில் எண்ணுவேன் என்று முதல் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் பத்துக்கு ஆறு நொடிதான் வரும்.

நீங்கள் என்னைக் காப்பாற்றவில்லை மாமா. நீங்கள் பனியன் எண்ணினீர்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் இத்தாலி ஆர்டருக்காக வீட்டுக்கே போகாமல் எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் நீங்கள் எண்ணித் தள்ள, நான் கட்டுப் போட்டேன். அங்கிருந்து நேராக மைதானத்துக்கு வந்தோம். வரும் வழியில் சைக்கிளில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கினீர்கள். நான் ஒரு கையால் உங்களைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இதில் எனக்குக் கோபம் இல்லை. தூங்காத மனுஷன் எண்ணினான், அவ்வளவுதான். அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். கண்ணீர், அம்மா முகம், கருமணி ஒன்றும் வேண்டாம்.

தண்டாயுதபாணி


திருப்பூர்
7-3-1987

தண்டாயுதபாணிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் உன் அத்தையைக் கூப்பிட்டு ஒரு முழுத்தாள் வாங்கிவரச் சொன்னேன். இப்படி எழுதினேன்:

"15-2-87 அன்று நடந்த சண்டையில் தண்டாயுதபாணி விழுந்தபோது டைம் கீப்பராகிய நான் ஸ்டாப் வாட்சைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் தூங்காமல் கம்பெனியில் எண்ணிவிட்டு வந்தேன். வாய்ப்பழக்கத்தில் பனியன் எண்ணுகிற மாதிரி எண்ணிவிட்டேன். பத்துக்கு ஆறு நொடிதான் ஆனது. தப்பு என்னுடையது. கே. பொங்கியண்ணன்."

அத்தை வாங்கிப் படித்தாள். "இதுல ஒண்ணுமே சேர்க்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அன்னைக்குக் கண்ணுல தண்ணி ஊத்துச்சுன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ரத்தினசாமியை அவருடைய சாயப்பட்டறையில் போய்ப் பார்த்தேன். தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார்.

"ஏம் பொங்கியண்ணா, மாப்பிள்ளைக்கோசரம் இப்படியுமா அளப்பே?"

"அளக்கலீங்க. நெசமுங்க."

"பீளமேட்டுல பதினாறு எண்ணி எந்திரிச்சதும் நெசம், ஆறு நொடியில பத்து எண்ணினதும் நெசம். அப்படித்தானே?"

"பீளமேடு வேறீங்க. அது சும்மா சொன்னதுங்க. நான் பீளமேட்டுக்குப் போனதே இல்லீங்க. கையில கிளவுஸ் போட்டதுகூட இல்லீங்க."

அவர் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டார். "கேட்டியா, இன்னைக்குப் புதுசா ஒரு கதை. பொங்கியண்ணன் பொய் சொல்றவனாம், அதனால இப்ப சொல்றது நெசமாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொன்னார், அன்பாகத்தான் பேசினார்.

"பாரு, இந்த ஊர்ல உன்ற பேச்சை எவனும் நம்பமாட்டான். ஆனா உன்ற எண்ணிக்கையை எல்லாரும் நம்புவான். உங்க முதலாளியே சொல்லுவாப்ல, பேச்சுலதான் பொங்கியண்ணன் தப்புவான், எண்றதுல தப்பமாட்டான்னு. அந்தப் பேரையும் கெடுத்துக்காதே. ஊட்டுக்குப் போ சாமி" என்றார். தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

இன்று காலை மறுபடி போனேன். அவர் ஈரோடு போய்விட்டார் என்றார்கள். அய்யூப்பைக் கூட்டிக்கொண்டு தந்தி ஆபீஸுக்குப் போய், நானே ஒரு தந்தி கொடுக்கலாமா என்று கேட்டேன். செயலாளர் கையெழுத்து இல்லாமல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அய்யூப் கேட்டான். அதுவும் சரிதான் என்று திரும்பினோம்.

வரும் வழியில் ராஜா முகமதுவைப் பார்த்தேன். நாளைக்கு அவனும் தேர்வுக்குப் போக வேண்டியவன். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லையாம். அவனிடம் சொன்னேன். அவன் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்பவே சந்தேகமுங்கண்ணா. நான் விட்ட குத்துல பாதிகூட அவர் மேல படல. படுறதுக்கு முன்னாடியே அவர் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. யாரும் என்கிட்டக் கேக்கலீங்க" என்றான்.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன்.

இன்லண்டில் கால் பக்கம் மிச்சம் இருக்கிறது. சேர்த்து எழுத ஒன்றும் தோன்றவில்லை.

பொங்கியண்ணன்


சென்னை-13
10-3-1987

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. நான் நம்புகிறேன். கண்டிப்பாக நம்புகிறேன். தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் என்றால் பரவாயில்லை என்றார்கள். கேலரியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் அவருடைய வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்.

நான்கு பேர் விழுந்தார்கள். விழுந்த ஒவ்வொருத்தனுக்கும் வாட்சைப் பார்த்து எண்ணினேன். பத்து நொடி என்பது எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒருத்தன் விழுந்து, புரண்டு, தன் மூலையைப் பார்த்து, அங்கே நிற்கிறவன் கையைக் காட்டுவதைப் புரிந்துகொண்டு, ஒரு முழங்காலை ஊன்றுகிறான். அப்போதும் நான்கு நொடிதான் ஆகியிருக்கிறது. எழ நினைக்கிறவன் யாரும் ஆறு வரைக்கும் சும்மா கிடப்பதில்லை. எட்டுவரைக்கும் காத்திருக்கிறவன்கூட முழங்காலில்தான் காத்திருக்கிறான்.

நான் முழங்காலை ஊன்றவில்லை மாமா.

மனதுக்குள் எண்ணினேன், ஏழுகூட ஆகவில்லை என்று உங்களுக்கு எழுதியது பொய். எண்ணவே இல்லை. இறங்கி வந்தபோது கூட்டத்தில் நாலு பேர், சீக்கிரம் எண்ணிட்டாங்க என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். மெட்ராஸ் பஸ்ஸில் வரும்போதே அதைப் பெரிதாக்கிவிட்டேன். சேர்த்துச் சொல்வது உங்களுக்கு மட்டும் வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது.

ராஜா முகமது சொன்னது சரி. அந்தக் குத்து உரசிக்கொண்டுதான் போனது. கால் தானாக மடிந்தது. முதுகு தரையில் பட்டதும் சுகமாக இருந்தது. இரண்டு நாளில் முதல் முறையாகப் படுத்திருந்தேன். மேலே லைட்டு, பேக்கிங் செக்ஷனில் இருக்கிற மாதிரியே டியூப் லைட்டு. அப்போது பக்கத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது. லாபம் என்றீர்கள்.

நான் வேலையில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். ரெண்டு, மூணு என்று வந்தது. நீங்கள் எண்ணி முடித்துத் தள்ளுவீர்கள், நான் கட்ட வேண்டும். கிளவுஸ் போட்ட கையால் தரையில் கட்டுப் போடுகிற நாடாவைத் தேடினேன். அது என் ஞாபகத்தில் தெளிவாக இருக்கிறது. வெள்ளைத் துணி விரித்திருந்ததால் நாடா எங்கே என்று தெரியவில்லை.

ஆகவே நீங்கள் வாட்சைப் பார்த்து மெதுவாக எண்ணியிருந்தாலும் நான் எழுந்திருப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரத்தினசாமியிடம் இனிமேல் போக வேண்டாம். கே.ஓ. அப்படியே இருக்கட்டும்.

மூட்டை ஏற்றிய கூலி வந்ததும் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை ஷிப்டுக்கு வந்துவிடுவேன் என்று மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள். டீக்கடையில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் ஆமாம் என்கிறேன்.

இதை மட்டும் சொல்ல வேண்டாம். பத்து என்று சொல்லி நீங்கள் மேஜையைத் தட்டியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் இரண்டு பீஸ் இருக்கிறது, பன்னிரண்டு வந்ததும் எழுந்து கட்டலாம் என்று.

தண்டாயுதபாணி